ஒரு பந்தய வண்டியின் மூலபாடம்

பாகூர் என்றவுடன் நம் வட்டத்து அன்பர்களுக்கு நினைவில் எழுவது பல்லவர் காலச் செப்பேடுகளாகத்தான் இருக்கும். நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் விளங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. 1879இல் கண்டெடுக்கப்பட்ட அவ்வேடுகள் பாரிசின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. அவை அன்று கன்னான் உலையில் விழுந்து குண்டானாகவோ செம்பாகவோ மாறியிருந்தால், அப்படியொரு கல்விச்சாலை இருந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம். பொருள் தப்பியது, அதனால் வரலாறும் தப்பியது.

அதே 1879இன் இறுதியில்தான் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எழுத்துச் சான்றும் நீராவி எந்திரமும் ஒரே ஆண்டில் இவ்வட்டாரத்தில் தலைகாட்டின. முன்னதைப் பற்றி நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். பின்னதன் வழிவந்த ஒரு பொருளைப் பற்றி, பத்தாண்டு நிறைவு மலரில் எழுதத் துணிகிறேன். அது ஒரு பழைய பந்தய மோட்டார் சைக்கிள். கவிஞர்கள் நிறைந்த சபையில் இரும்பைப் பற்றிப் பேசுவது முறையா என்று கேட்போர் கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள வேண்டும்.

1

பாகூரில் நெற்பயிர் செய்யும் என் நண்பர் ஒருவர், அறுவடை எந்திரத்திற்கு உதிரிப்பாகம் தேடிப் போன இடத்தில் ஒரு காயலான் கடையின் பின்கட்டில் அவ்வண்டியைக் கண்டார். கோழிக்கூட்டிற்குத் தடுப்பாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரட்டை உருளை, காற்றினால் குளிரும் எந்திரம், ஆறு கியர்: இராஜ்தூத் 350. எடைக்கு எடை பேசி வாங்கி, வில்லியனூரில் தமக்குத் தெரிந்த பட்டறை ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாங்கியவருக்கு அது ஒரு பழைய வண்டி, அவ்வளவே. விற்றவரோ, "இது சோழவரத்துல ஓடின வண்டிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். விற்பவன் சொல் சான்றாகாது. பதிவுப் புத்தகம் செல்லரித்துப் போயிருந்தது. எழுத்துச் சான்று இல்லாதபோது கல்வெட்டாய்வாளர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல, நாங்கள் வண்டியின் உடலையே படிக்கத் தொடங்கினோம்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கவைக்கால் நடுவில் வெட்டப்பட்டு, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நீளம் சேர்த்து வெல்டு வைக்கப்பட்டிருந்தது. முன்கவை தாழ இறக்கப்பட்டிருந்தது. வேகமானி இருந்த இடம் வெறுமையாய் இருக்க, எந்திரச் சுழற்சியைக் காட்டும் மானி மட்டும் எஞ்சியிருந்தது. இருக்கைக்கு அடியில் இருக்க வேண்டிய எண்ணெய்க் கலமும், எண்ணெயைத் தானே ஊட்டும் பம்பும் இல்லை. காற்று வடிகட்டிப் பெட்டியும் இல்லை.

இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. வண்டி ஓரிடத்தில் நின்று திடீரெனச் சீறிப் புறப்படும்போது முன்சக்கரம் மேலெழும். வண்டியின் நீளத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்தால் அது அடங்கும். ஆனால் அவ்வாறு நீட்டிய வண்டி வளைவுகளில் எளிதாகத் திரும்பாது. எனவே இதை இவ்வாறு மாற்றியவனுக்கு வளைவு தேவைப்படவில்லை. நேர்க்கோடு மட்டுமே தேவைப்பட்டது. 'டிராக்' என்று உலகம் அழைக்கும் நேரோட்டப் பந்தயத்திற்காக உருமாற்றப்பட்ட வண்டி இது என்பது இவ்வாறுதான் எங்களுக்குப் புலனாயிற்று.

2

நேரோட்டப் பந்தயத்தின் இலக்கணம் மிகச் சுருக்கமானது. கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு அதை யார் முதலில் கடக்கிறார் என்பதே கேள்வி. வெண்பாவின் ஈற்றடியைப் போல, சற்றே பிசகினாலும் திருத்திக்கொள்ள அங்கே இடமில்லை.

இதன் வரலாறு வானூர்தித் தளங்களோடு பிணைந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் தொடங்கிய பழக்கம், 1950இல் சாந்தா ஆனா நகரின் விமான ஓடுதளத்தில் ஒழுங்கான போட்டியாக உருப்பெற்றது. மறு ஆண்டே அதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு வானூர்திகள் ஏறி இறங்கிய பொடிங்டன் தளம், 1966இல் 'சாந்தா பாட்' என்னும் பெயரில் நேரோட்டக் களமாயிற்று. போர் முடிந்து வானூர்திகள் அகன்றபின், நீண்டு கிடந்த காரைத் தரைகளை இளைஞர்கள் எடுத்துக்கொண்டனர்.

நம் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில் அதே போர்க்காலத்தில் ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டிருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதைப் பந்தயக் களமாக்கியது. ஆண்டுதோறும் அங்கு நடந்த பந்தயங்களைக் காணப் பெருந்திரளான மக்கள் சென்றனர். கோவையைச் சேர்ந்த கரிவரதன் போன்றோர் அங்கு ஓட்டிப் புகழ்பெற்றனர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கெனவே வளைவுகளோடு புதிய பாதை திறக்கப்பட்டபின் சோழவரத்தின் பெருமை பழங்கதையாயிற்று.

இராஜ்தூத் 350 சந்தைக்கு வந்தது 1983இல். யமஹா நிறுவனத்தின் ஆர்.டி. 350 வண்டியை, அதன் கூட்டுறவோடு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்தது. முதலில் வந்த வகை ஏறத்தாழ 30 குதிரைத்திறன்; எரிபொருள் சிக்கனம் கருதிப் போக்குக் குழாயை நெருக்கிப் பின்னர் வெளிவந்த வகை 27 குதிரைத்திறன். அக்காலத்து 350 புல்லட்டின் திறன் 18தான் என்பதை ஒப்பிட்டால் இதன் மூர்க்கம் விளங்கும். ஆனால் பெட்ரோலைக் குடித்த வேகத்தாலும் விலையாலும் இல்லறத்தார் அதை நாடவில்லை; பத்தாண்டு நிறைவதற்குள் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே இவ்வண்டி சோழவரத்தின் பெருநாட்களில் ஓடியிருந்தால், அது 1983க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளுக்குள்தான் இருக்க முடியும். விற்றவர் சொல்லை மெய்யென்று நிறுவ எம்மால் இயலவில்லை. பொய்யென்று தள்ளவும் காலக்கணக்கு இடந்தரவில்லை.

3

சீரமைப்பு தொடங்கியது. என் நண்பர் ஒழுங்கை விரும்புபவர். தொழிற்சாலை வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேட்டின் படி ஒன்றைத் தேடிப் பெற்று, "கையேட்டில் உள்ளதே மூலம்; மற்றவை எல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்த பிழை" என்று முடிவு கட்டினார். பட்டறைக்காரரும் அதற்கு இசைந்தார். கவைக்கால் மாற்றப்பட்டது. எண்ணெய் பம்பு கிடைக்காததால் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றும் முறை மட்டும் தொடர்ந்தது. கார்புரேட்டர்கள் இரண்டையும் கழற்றிக் கழுவியபோது, அவற்றினுள் இருந்த மெயின் ஜெட்டுகளின் துளை கையேட்டில் சொல்லிய அளவைவிடப் பெரிதாக இருப்பது தெரிந்தது. ஒன்றில் எண்ணே தேய்ந்து, துளை கையால் அகற்றப்பட்டது போலக் காணப்பட்டது. "எவனோ அரைகுறை" என்று சொல்லி அவற்றை ஒரு புகையிலை டப்பாவில் போட்டுவிட்டு, கையேட்டின்படி புதிய ஜெட்டுகளைப் பொருத்தினார்.

வண்டி உயிர்பெற்றது. நின்ற நிலையில் ஒழுங்காகவே ஓடியது. முறுக்கினால் மட்டும் சற்று நேரத்தில் மூச்சு வாங்கியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. எந்திரம் நலமாயிருந்தால் பிளக்கின் நுனி வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் இருக்கும். கரி படிந்து கறுத்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்தால் எரிபொருள் குறைவு, அல்லது எங்கோ மிகுதிக் காற்று நுழைகிறது.

முறைப்படி ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே உள்ள பாயிண்டுகளின் இடைவெளி சரிபார்க்கப்பட்டது. பிஸ்டன் உச்சியை அடைய ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும்போது தீப்பொறி எழுகிறதா என்று அளவுமானி வைத்துப் பார்க்கப்பட்டது. காற்றை ஒருவழியாக மட்டும் உள்ளே விடும் நாணல் போன்ற தகடுகள் வெடிப்பின்றி இருந்தன. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள எண்ணெய் சீல்கள் காய்ந்து விறைத்திருந்தன. இரட்டை அடிப்பு எந்திரத்தில் அவ்வழியே காற்று புகுந்து கலவையைக் கெடுப்பது வழக்கமாதலால், குற்றவாளி அகப்பட்டான் என்று மகிழ்ந்து அவற்றை மாற்றினார்கள். பிளக் ஓரளவு நிறம் மாறியது. ஆனால் முழுதும் மாறவில்லை.

அதைப் பொருட்படுத்தாமல் ஒருநாள் பட்டறை முற்றத்தில் நீண்ட நேரம் முறுக்கினார் நண்பர். ஓசை ஒருகணம் கூர்மையாகி, அடுத்த கணம் அறுந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இடப்பக்கப் பிஸ்டன் உருளையோடு ஒட்டிவிட்டது. பிரித்தபோது போக்குத் துளை இருக்கும் பக்கத்தில் பிஸ்டன் முழுதும் நெடுங்கீறல்கள். நண்பர் அன்று மாலை பேசவே இல்லை.

4

வில்லியனூரிலேயே ஒரு பெரியவர் இருந்தார். புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பாரிசில் நெசவுப் பொறியியல் படித்தவர் எவரும் அறியாத செய்திகளை அரத்தின் முனையால் அறிந்த தலைமுறை அது. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை 2020இல் மூடப்பட்டதோடு இங்கே அத்தகைய கைகளை உருவாக்கும் இடமும் போயிற்று. அவரிடம் நண்பர் என்னை அழைத்துச் சென்றார்.

முதுமையால் செவித்திறன் குறைந்திருந்த அவர், ஓடும் எந்திரத்தைச் சோதிக்க வேண்டுமானால் திருப்புளியின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்துக் கேட்பவர். அன்று கேட்பதற்கு ஓசை இல்லை. பிரித்து வைத்திருந்த உருளையைக் கையில் வாங்கி, போக்குத் துளைக்குள் சுட்டுவிரலை விட்டு வெகுநேரம் தடவினார். பிறகு கேட்டார்:

"தம்பி, இதுல முன்னாடி இருந்த ஜெட்டு எங்க?"

"அது தப்பான ஜெட்டுங்க ஐயா. புத்தகத்துல இருக்கிற அளவு வேற."

"புத்தகம் எந்த சிலிண்டருக்கு எழுதினது? இது ராவின சிலிண்டரு. மேல ஒன்றரை மில்லி ராவியிருக்கான். நீயே விட்டுப் பாரு."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். துளையின் மேல்விளிம்பில் அரத்தின் தடம் மெல்லிய வரிகளாகத் தென்பட்டது. வார்ப்பில் அமைந்த விளிம்பு அன்று அது. ஒரு மனிதன் பல மணி நேரம் அமர்ந்து, அளந்து அளந்து இழைத்த விளிம்பு. வலப்பக்க உருளை சற்றுக் கரடாகவும் இடப்பக்கம் வழவழப்பாகவும் இருந்தன. முதல் உருளையில் பழகிய கை இரண்டாவதில் தேறியிருக்கிறது போலும்.

அதன் பொருளைப் பெரியவர் விளக்கினார். போக்குத் துளையை உயர்த்தினால் எந்திரம் அதிகச் சுழற்சியில் அதிக ஆற்றல் தரும். அதற்கேற்ப அதிக எரிபொருளும் கேட்கும். வடிகட்டிப் பெட்டியை நீக்கியதால் காற்றும் தடையின்றிப் புகும். இரண்டையும் ஈடுசெய்யவே முன்பு இருந்தவன் ஜெட்டின் துளையை அகற்றியிருந்தான். அவன் வைத்த உருளையை வைத்துக்கொண்டு, கையேட்டின் ஜெட்டை நாம் பொருத்தினோம். எரிபொருள் குறைந்தது. எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே போவதால் எண்ணெயும் குறைந்தது. சூடு ஏறியது, மசகு இறங்கியது, பிஸ்டன் ஒட்டியது. போதாக்குறைக்கு, இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தன்னுள் உயிர்வளியைக் கொண்டது. ஆதலால் பழைய கார்புரேட்டரில் கலவை மேலும் மெலியும். 1980களின் கையேட்டுக்கு அது தெரிய வழியில்லை.

பிழை என்று தள்ளியது பிழையன்று. நாங்கள் செய்த திருத்தமே பிழை.

5

இவ்விடத்தில் ஏட்டுச்சுவடிப் பதிப்பை நினையாதிருக்க முடியவில்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன்னர், தமக்கு விளங்காத சொற்களைப் பிழையெனத் தள்ளித் தம் அறிவிற்கேற்பத் திருத்திவிடவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டார்; கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று, அவர்கள் வழக்கில் அச்சொற்களுக்குள்ள பொருளைக் கேட்டறிந்தார். விளங்காத பாடம் பொருளற்ற பாடமாக வேண்டியதில்லை. அதன் பொருள் வேறொரு கூட்டத்தாரின் வாழ்க்கைக்குள் இருக்கலாம். எங்கள் புகையிலை டப்பாவில் கிடந்ததும் அத்தகைய பாடமே. அதைப் படிக்கத் தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார், நாங்கள்தான் கேட்கவில்லை.

மேலும், எது மூலம் என்னும் கேள்வியே நாம் எண்ணுவதுபோல் எளிதன்று. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் 1955இல் வந்தது. ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் உருவான டி.கே.டபிள்யூ. 125 வண்டியைப் பார்த்து வடித்தது அது. போருக்குப்பின் கிழக்கு ஜெர்மனிக்கு உரியதாகிவிட்ட அதே சோப்பாவில், வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர், வெளியேறும் புகையின் அதிர்வலையையே திருப்பி அனுப்பி, தப்பியோடும் புதுக் கலவையை உருளைக்குள் தள்ளும் போக்குக் குழாயை 1950களில் செம்மைப்படுத்தினார். அவருடைய 125 கன சென்டிமீட்டர் எந்திரம் 1961இல் 25 குதிரைத்திறனை எட்டியது. அவ்வாண்டிலேயே அவர் அணியின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் நாட்டுப் பந்தயத்தின்போது தப்பிச் சென்று அந்நுட்பத்தை ஜப்பானின் சுசுகி நிறுவனத்திற்குக் கொண்டு சேர்த்தார்; மறு ஆண்டே 50 கன சென்டிமீட்டர் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். நாளடைவில் அந்நுட்பம் உலகெங்கும் பட்டறைகளுக்குப் பொதுச் சொத்தாயிற்று.

ஆக, கையேட்டில் அச்சான அளவும் ஒரு படியின் படியே. சோப்பாவிலிருந்து ஜப்பானுக்கும், ஜப்பானிலிருந்து இந்தியாவிற்கும், இந்தியத் தொழிற்சாலையிலிருந்து பெயர் தெரியாத ஒருவனின் அரத்திற்கும் வந்த பரம்பரையில், கடைசி உரைகாரன் அவன். அவன் கொண்ட உரிமையை மறுக்க நமக்கு என்ன தகுதி?

6

பெரியவரின் சொற்படி உருளைகள் சற்றே பெரிதாகக் கடையப்பட்டு, அளவுக்கேற்ற புதிய பிஸ்டன்கள் இடப்பட்டன. அரம் பட்ட விளிம்புகளை எவரும் தொடவில்லை. டப்பாவிலிருந்த ஜெட்டுகள் திரும்பச் சென்று அமர்ந்தன. முதல் நாள் மிதமாக, மறுநாள் சற்றுக் கூடுதலாக என்று எந்திரம் பழக்கப்பட்டது. நான்காம் நாள் பிளக்கைக் கழற்றியபோது, அதன் நுனி காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. பெரியவர் அதைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

வெட்டி நீட்டிய பழைய கவைக்காலையும் நண்பர் காயலான் கடைக்கு அனுப்பாமல் மீட்டு வைத்திருந்தார். அதையே மீண்டும் பொருத்துவதா என்று நெடுநேரம் ஆலோசித்து, பொருத்துவதென்றே முடிவு செய்தார். இதற்கு ஒரு விலை உண்டு. 2021இல் நடுவணரசு அறிவித்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சட்டகத்திலும் எந்திரத்திலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் பேணப்படும் வண்டிகளுக்கே பழம்பெருமைப் பதிவு கிட்டும். 1983இல் பிறந்த வண்டிக்கு அவ்வயது 2033இல்தான் நிறையும். அன்றும், அரம் பட்ட உருளையும் நீண்ட கவைக்காலும் உள்ள இவ்வண்டி மூல வடிவினது ஆகாது. தொழிற்சாலை வடிவிற்குத் திருப்பியிருந்தால் மதிப்பும் பதிவும் கிடைத்திருக்கும். அவன் கிடைத்திருக்க மாட்டான். நண்பர் அவனைத் தேர்ந்தெடுத்தார். சாலையில் ஓட்ட முடியாத அவ்வண்டி இன்று பாகூரில் அவர் வீட்டு நெற்களஞ்சியத்தின் ஓரத்தில் நிற்கிறது.

பின்னர் அவர் செய்த ஒன்றுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஒரு குறிப்பேட்டில், வண்டியில் கண்டது கண்டபடி ஒரு பக்கமும், தாம் மாற்றியது எதிர்ப்பக்கமுமாக எழுதினார். சீல்கள் மாற்றப்பட்ட நாள், பிஸ்டனின் புதிய அளவு, ஜெட்டின் துளை, வலப்பக்க உருளையின் கரடு வரை அனைத்தும் அதில் உள்ளன. தம் கைப்பிழையால் பிஸ்டன் ஒட்டியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிய பதினேழு பக்கங்களும் அதில் உண்டு. அந்தப் பக்கங்கள் நிறைந்த ஐந்தாம் மாதம் அவர் காலமானார். அவர் கற்றதில் எஞ்சியிருப்பது, நாங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன விடைகள் மட்டுமே. கேளாத கேள்விகள் எத்தனை என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் வட்டம் இப்பத்தாண்டுகளில் பழம்பாடல்களைப் பதிப்பித்திருக்கிறது. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்திருக்கிறது. பாடியவர் நாவில் இருந்த சொல் நமக்கு விளங்காதபோது, இலக்கணத்திற்கு ஒத்துவரும் சொல்லை அவ்விடத்தில் நாமும் இட்டதுண்டு. அவ்வாறு மாற்றிய சொற்களைக் குறித்து வைத்தோமா? வைக்கவில்லையெனில், அப்பாடியவர்களுள் உயிரோடிருப்பவர்களைத் தேடி வரும் ஞாயிற்றுக்கிழமை முதலே புறப்படலாம் என்பது என் வேண்டுகோள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.